பிடிச்சான், பிடிச்சாரு

மேலூர் தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமை மேட்னி. மேலே மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்கிறது, காற்று மட்டும் வரவில்லை. பெண்கள் பகுதி முழுக்க வேர்வையும் மல்லிகையும் அவித்த கடலையும் கலந்த வாசனை. இடுப்பளவுச் சுவருக்கு அந்தப் பக்கம், ஆண்கள் பகுதியிலிருந்து பீடிப்புகை எழும்பித் திரைக்குப் போகிற வெளிச்சத்தில் நெளிகிறது.

திரையில் பாட்டு. கதாநாயகி கோபித்துக்கொண்டு நடக்கிறாள். கதாநாயகன் பின்னாலிருந்து அவள் முந்தானையைப் பிடித்துவிட்டான். அவள் திரும்பவில்லை, நிற்கவும் இல்லை. சேலை நீண்டுகொண்டே போய், திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் துணி காயப்போடுகிற கொடி மாதிரி நிற்கிறது. பிறகு அவள் திரும்புகிறாள். கோபமெல்லாம் போய்ச் சிரிப்பு.

ஆண்கள் பக்கம் விசில் காதைப் பிளந்தது. நான் பக்கத்திலிருந்த பேச்சியைப் பார்த்தேன். பேச்சி என் நாத்தனார், என் வீட்டுக்காரனின் ஒரே தங்கை. தன் முந்தானையைச் சுருட்டி உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டு, கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, உன் சேலையவா இழுத்தான்?" என்று கேட்டேன்.

"சும்மா இருங்க மதினி," என்றாள். இருட்டில் முகம் தெரியவில்லை. குரலில் சிரிப்பு இருந்தது.

வாசகர் ஒருவரின் வருத்தம்

இந்தத் தொடரைப் படித்துவரும் ஒரு வாசகர் மிகவும் மனம் வருந்தி எழுதியிருக்கிறார். காலமாகிவிட்ட கணவரை வாரத்துக்கு வாரம் 'வந்தான், போனான்' என்று எழுதுகிறேனாம். இது ஒரு குடும்பப் பெண் எழுதுகிற தமிழா என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. அவர் வீட்டில் அந்த வழக்கம் இருக்காது. என் வீட்டிலும் கிடையாது. அவன் உயிரோடு இருந்தவரைக்கும் நான் 'அவரு' என்றுதான் சொன்னேன், 'என்னங்க' என்றுதான் கூப்பிட்டேன், ஒரே ஒரு நாள் தவிர. எழுதும்போது மட்டும் ஏன் மாறுகிறது என்று சொல்ல வேண்டுமானால் அந்த மேட்னியிலிருந்து ஆரம்பித்தால்தான் உண்டு.

சேலை பார்த்த வேலை

அந்தக் காலத்துப் படங்களில் காதல் காட்சி என்றால் பாதி வேலையைச் சேலைதான் பார்த்தது. ஆணும் பெண்ணும் கிட்டத்தில் வந்தால் உடனே இரண்டு பூவைக் காட்டிவிடுவார்கள். தொடவும் கூடாது, தொட்ட மாதிரியும் இருக்க வேண்டும். அதற்குத்தான் முந்தானை. பல்லில் கடித்தால் வெட்கம். விரலில் சுற்றினால் சம்மதம். காற்றில் பறந்துபோய் அவன் முகத்தை மூடிவிட்டால் கல்யாணமே முடிந்த மாதிரி. மழை வந்தால் இரண்டு பேருக்கும் அதுதான் குடை.

சரணத்துக்கு ஒரு சேலை வேறு மாற்றுவார்கள். பல்லவியில் மஞ்சள், அடுத்து பச்சை, அதற்கடுத்து ரோஸ். மலை உச்சியில் நின்று பாடுகிறவளுக்குச் சேலை மாற்ற மறைவு எங்கே கிடைத்தது என்று என் மாமியார் ஒரு தடவை உண்மையாகவே கவலைப்பட்டார்.

எங்கள் முந்தானைகளுக்குப் பறக்க ஏது நேரம்? பிள்ளைக்கு மூக்கைத் துடைக்க வேண்டும், அடுப்பிலிருந்து சட்டியை இறக்க வேண்டும், வெயிலுக்குத் தலையில் போட வேண்டும். யாருக்கும் தெரியாமல் அழுதுவிட்டுத் துடைத்துக்கொள்ளவும் அதுதான்.

நான் மதுரை டவுனில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி மேலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு வந்த பிறகுதான் முந்தானைக்கு இன்னொரு அர்த்தம் இருப்பது தெரிந்தது. அங்கே ஒருத்தன் ஒரு பெண்ணின் முந்தியைப் பிடித்துவிட்டால் அது விளையாட்டு இல்லை, வழக்கு. சாவடியில் ஊர் கூடிவிடும். அந்தப் பெண்ணிடம் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "அவனாப் பிடிச்சானா, நீயாக் குடுத்தியா?"

பிடித்தான் என்று அவள் சொன்னால் தப்பு அவனுடையது. ஊர் காலில் விழுந்து அபராதம் கட்ட வேண்டும். பெண்ணுக்கு ஒன்றும் இல்லை, தலைக்கு ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள் போகலாம். கொடுத்தேன் என்று சொல்லிவிட்டால் அவளுக்கு 'முந்தி குடுத்தவ' என்று பேர். அந்தப் பேரோடு ஒரு பெண் அங்கே நன்றாக வாழ்ந்து நான் பார்த்ததில்லை.

சேலைக்கு முகம்

பேச்சி மேலூருக்குத் தையல் கிளாஸ் போய் வந்துகொண்டிருந்தாள். கிளாஸை ஒட்டி ஒரு ஜவுளிக்கடை. அங்கே சேலைப் பக்கம் நின்றவர் ஆரோக்கியம்.

ஜவுளிக்கடையில் சேலை காட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆம்பளை என்ற கூச்சமே இல்லாமல் சேலையைத் தன் தோளில் போட்டு, முந்தியை முழங்கை மேல் விரித்துக் காட்டுவார்கள். ஆரோக்கியம் தோளில் கிடந்தால் எந்தச் சேலையும் எடுப்பாக இருக்கும். வீட்டுக்கு வந்து நாம் கட்டினால்தான் அது வேறு சேலையாகிவிடும்.

"உடம்பு எப்பிடி வேணா இருக்கட்டுங்கக்கா. சேலைக்கு முந்திதான் முகம்," என்பார்.

எந்தப் படம் நன்றாக ஓடுகிறதோ அதன் பேரைக் கடைக்காரர்கள் ஒரு சேலைக்கு வைத்துவிடுவார்கள். படத்தில் அப்படி ஒரு சேலையே வந்திருக்காது. கேட்டால், "ரெண்டாவது சரணத்துல வருதுக்கா, நீங்கதான் கவனிக்கல," என்று ஆரோக்கியம் சாதிப்பார். பொய்தான். ஆனாலும் அடுத்த தடவை படத்துக்குப் போனால் இரண்டாவது சரணத்தில் கண்ணை அகல விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

பிளவுஸ் துணிக்கு மேட்சிங் பார்க்கப் போகிறேன் என்று பேச்சி அந்தக் கடைக்குப் போவாள். ஒரு துண்டுத் துணிக்கு இம்புட்டு நேரமா மேட்சிங் பார்ப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம் வந்தபோது விஷயம் முற்றிப் போயிருந்தது. அவர் வீட்டார் வேறு ஆட்கள், வேறு சாமி. எங்கள் வீட்டில் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதைப் பேச்சிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"கப்பலூர்ல ஒரு கம்பெனியில வேலைக்குச் சொல்லி வச்சிருக்காரு மதினி. கிடைச்சதும் அங்கிட்டே கல்யாணம் முடிச்சு இருந்துக்கிருவோம்," என்றாள், மாவாட்டிக்கொண்டே.

"அடி, கட்டுறதுக்கு முன்னாடியே வச்சிருக்கா'ரு'வா?" என்றேன். எங்கள் பக்கம் பெண்கள் கட்டினவனைத்தான் அப்படி ரு போட்டுப் பேசுவார்கள். ஜவுளிக்கடையில் துணி எடுத்துப்போடுகிற இளவட்டத்தை வீட்டுக்குள் 'அந்தப் பையன்' என்பார்கள், மிஞ்சிப்போனால் 'அந்தண்ணன்'.

பேச்சி குழவியை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "தானா வருது மதினி," என்றாள்.

பஸ் ஸ்டாண்டில்

சந்தை நாள். பேச்சியும் நானும் சாமான் வாங்கிக்கொண்டு ஊர் பஸ்ஸுக்கு வந்தோம். பேச்சி கத்திரிப்பூக் கலரில் புது வாயில் துணிச் சேலை கட்டியிருந்தாள், ஆரோக்கியம் எடுத்துக் கொடுத்தது. நான் முதலில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டேன். பஸ் முழுக்க எங்கள் ஊர்ச் சனம். எனக்கு முன் சீட்டில் என் வீட்டுக்காரனின் சித்தப்பா, மடியில் காலிக் கூடையோடு.

பேச்சி படியில் ஒரு கால் வைத்துவிட்டாள். அப்போது ஆரோக்கியம் பொட்டலத்தோடு ஓடி வந்தார். கடையில் மறந்து வைத்துவிட்டு வந்த பிளவுஸ் துணி. "பேச்சி" என்று கூப்பிட முடியாது. பஸ்ஸோ உறுமிக்கொண்டிருக்கிறது. அவர் அவள் முந்தானையைப் பிடித்தார்.

கையில் நாள் முழுக்க முந்தியைப் பிடித்தே பழகினவர். போன வாரம்தான் அந்த மேட்னிப் படத்தை, தியேட்டரில் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவர். எது அந்தக் கையை நீட்ட வைத்ததோ எனக்குத் தெரியாது.

பேச்சி உடனே திரும்பவில்லை. முந்தி நீண்டது. பிறகு திரும்பினாள். சேலையைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. சிரித்தாள்.

சினிமாவாக இருந்தால் பாட்டு ஆரம்பித்திருக்கும். முன் சீட்டிலிருந்து சித்தப்பா மெதுவாக எழுந்து நின்றார். அவர் மடியிலிருந்த கூடை உருண்டு என் காலடிக்கு வந்தது.

சொல்லிக் கொடுத்த சொல்

பஸ் ஊருக்குள் நுழைவதற்கு முன்னாலேயே சேதி நுழைந்துவிட்டது. மறுநாள் மத்தியானம் சாவடியில் கூடுவதென்று முடிவானது. மேலூரிலிருந்து ஆரோக்கியத்தைக் காலையிலேயே கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டார்கள்.

என் வீட்டுக்காரன் சத்தம் போடவில்லை. அடுப்படி வாசலில் நின்று தன் அம்மாவிடம் சொன்னான். "பிடிச்சான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அவனக் கால்ல விழ வச்சு அனுப்பிருவோம். மேல கை வைக்க மாட்டேன். ஆத்தா மேல சத்தியம்."

மாமியார் பேச்சியை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். "பிடிச்சான்னு சொல்லு. அதுக்கு மேல ஒண்ணும் பேசாத. அவனும் பிழைச்சான், நீயும் பிழைச்ச."

பேச்சிக்கு அது புரிந்தது. ஆரோக்கியம் ஊர் காலில் விழுந்துவிட்டு உயிரோடு போய்விட்டால் போதும், கப்பலூர் அங்கேயேதான் இருக்கும் என்று என் காதில் சொன்னாள். சொல்லிப் பார்த்தாள். "பிடிச்சான்." மாமியார் மறுபடி சொல்லச் சொன்னார். "பிடிச்சான்." அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. யாரும் அரிசி போடவில்லை.

சாவடிக்குள் பெண்கள் ஏறக் கூடாது. வெளியே வேப்ப மரத்தடியில் பேச்சியை நிறுத்தி, நானும் மாமியாரும் பின்னால் நின்றோம். ஆரோக்கியம் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றார். சாவடித் தூணில் போன தேர்தலில் ஒட்டிய நோட்டீஸ் பாதி கிழிந்து தொங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊர்ப் பெரியவர் தன்மையாகத்தான் கேட்டார். "பயப்படாமச் சொல்லு ஆத்தா. அவனாப் பிடிச்சானா, நீயாக் குடுத்தியா?"

பேச்சி நிமிர்ந்து பார்த்தாள், பெரியவரை அல்ல.

"அவருதான் பிடிச்சாரு," என்றாள்.

சொல்லிக் கொடுத்த அதே சொல். மரியாதை மட்டும் கூடுதல். ஒரு நொடி யாருக்கும் உறைக்கவில்லை. பிறகு சித்தப்பா, "என்னது, பிடிச்சா'ரா'?" என்றார். சாவடிக்குள் எவனோ சிரித்தான். குடுத்தேன் என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு கேவலமாகச் சிரித்திருக்க மாட்டார்கள்.

"வாய் தவறிருச்சுய்யா," என்று மாமியார் கத்தினார். "பிள்ள பயத்துல உளறுதுய்யா." பெரியவர் மறுபடி கேட்க வாயெடுத்தார். அதற்குள் என் வீட்டுக்காரன் எழுந்துவிட்டான்.

கை கழுவிய தண்ணீர்

ஆரோக்கியத்தை வைக்கோல் படப்புக்குப் பின்னால் கூட்டிப்போனார்கள். என்ன செய்தார்கள் என்று நான் பார்க்கவில்லை, காதால்தான் கேட்டேன். ஒரு மனுசன் அப்படிக் கத்தி அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. வலது கை விரல்களை ஒவ்வொன்றாக ஒடித்திருக்கிறார்கள். போலீஸ், கேஸ் என்று ஒன்றும் ஆகவில்லை. மாடு முட்டியது என்று அவரையே சொல்ல வைத்துவிட்டார்கள்.

என் வீட்டுக்காரன் வீட்டுக்கு வந்து, கொல்லையில் கை கழுவினான். நான்தான் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினேன். நிதானமாக, விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினான். பிறகு என் முந்தானையை இழுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு, "சோறு போடு," என்றான்.

போட்டேன். அவன் சாப்பிட்டான். நான் இந்தப் பத்தியில் 'சாப்பிட்டார்' என்று எழுதிப் பார்த்தேன், கை ஓடவில்லை. அந்தத் தண்ணீரோடு அவனுக்குரிய மரியாதையெல்லாம் எனக்குள் ஓடிவிட்டது. வாய் மட்டும் பழக்கத்தில் 'என்னங்க' என்றது, அதற்குப் பிறகும் பல வருஷத்துக்கு.

அது வயலுக்குப் போயிருக்கு

அந்த மாசமே பேச்சியை அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு தாய்மாமனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். பெண்டாட்டியை இழந்தவர், வளர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். பேச்சியின் முந்தியையும் அவர் துண்டையும் முடிச்சுப் போட்டபோது அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் அடித்தார் உதைத்தார் என்று சொல்ல மாட்டேன். கதை தெரிந்தவர், ஒரே ஒரு கட்டளை போட்டார். முந்தியைத் தொங்கவிடக் கூடாது. அதற்குப் பிறகு பேச்சியை நான் எப்போது பார்த்தாலும் முந்தானை உடம்பை இறுக்கிச் சுற்றி இடுப்பில் செருகியிருக்கும். தூங்கும்போதுகூட அப்படித்தான் என்றாள். சினிமாவுக்குப் போவதும் நின்றுவிட்டது.

புருஷனை அவள் 'அது' என்பாள். "அது வயலுக்குப் போயிருக்கு." "அது இன்னும் சாப்பிடல." எங்கள் பக்கம் நிறையப் பெண்கள் கூச்சத்தில் அப்படிச் சொல்வதுண்டு, அதனால் யாரும் கண்டுகொள்ளவில்லை. பிள்ளை பிறந்த பிறகும் அது 'அவரு' ஆகவில்லை. மாமியார் மட்டும் சாகிறவரைக்கும், "வாய் தவறினதுக்கு என் மகளுக்கு இம்புட்டுத் தண்டனையா?" என்று புலம்பிக்கொண்டிருந்தார். நானும் வாய் தவறியதாகவே நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆரோக்கியத்தை ஒரே ஒரு தடவை பார்த்தேன். மதுரையில் ஜவுளிக்கடைகள் நிறைந்த ஒரு சந்து. ஒரு கடை வாசலில் நின்று, போகிற வருகிறவர்களை உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வலது கை தோள்துண்டுக்குள் இருந்தது. சேலையை விரிக்க முடியாதவருக்குக் கடைக்குள் என்ன வேலை?

என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. ஆனாலும் எல்லாரிடமும் சொல்கிற மாதிரியே, "வாங்கக்கா. உள்ள போய்ப் பாருங்க, நல்ல முந்தியெல்லாம் வந்திருக்கு," என்றார். பேச்சியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்த தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனபோது வாசலில் வேறு ஆள். விசாரித்தேன். "அவரு இப்ப இல்லக்கா," என்றான். வேலையில் இல்லையா, உயிரோடவே இல்லையா என்று மறுபடி கேட்டிருக்கலாம். கேட்கத் தைரியம் வரவில்லை.

கோடி

பேச்சிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மதுரை பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். டெட்டால் வாசனையும் வாடிப்போன சாத்துக்குடித் தோலின் வாசனையும் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. ஆள் பாயோடு பாயாகிவிட்டாள். அவள் அண்ணன் கீழே டீ குடிக்கப் போயிருந்தான். நான் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனபோது பின்னாலிருந்து என் முந்தானையைப் பிடித்தாள்.

"மதினி. இருக்காரா?"

யார் என்று நான் கேட்கவில்லை. அத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்த 'ரு' வந்து நான் கேட்கவே இல்லை.

"இருக்காரு," என்றேன்.

முந்தியை விட்டாள். இரண்டு நாளில் இறந்து போனாள்.

எங்கள் வழக்கத்தில், கட்டிக் கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். கோடி போடுவது என்பார்கள். உடன்பிறந்தவன்தான் போட வேண்டும். என் வீட்டுக்காரன் மேலூரிலிருந்து சேலை வாங்கி வந்து, மாரில் அடித்து அழுதுகொண்டே பேச்சி மேல் விரித்தான். நிஜ அழுகைதான். தங்கை மேல் பாசமில்லாதவன் என்று நான் எப்போதும் சொன்னதில்லை.

சேலையின் முந்தி பாடையின் ஓரத்தில் நழுவித் தொங்கியது. காற்றுக்கு லேசாக ஆடியது. அவன் குனிந்து அதை எடுத்து அவள் உடம்புக்கு அடியில் செருகப் போனான்.

"விடுடா," என்றேன்.

ஒப்பாரி நின்றுவிட்டது. அத்தனை சனமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அவன் முந்தியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தான். சுடுகாடு போகிறவரைக்கும் அது தொங்கிக்கொண்டேதான் போனது.

துக்கத்தில் பாவம், வாய் தவறிவிட்டது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான், கடைசிவரைக்கும் அதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. ஆனால் எனக்கு வாய் தவறவில்லை. சாவடியில் பேச்சிக்கும் தவறவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.